கூடப் போகிற ஆள்

வாலிபர் கூடுகை என்று ஆலயத்தில் அறிவிப்பு வாசித்த அன்றைக்கே எங்கள் சபையில் மூன்று கேள்வி கிளம்பிவிடும். யார் தேவசெய்தி கொடுக்கிறார், கட்டணம் எவ்வளவு, வண்டி யாருடையது. பிள்ளைகளோடு யார் போவது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். அதுவும் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில். "டீச்சர் போவாங்க" என்று யாராவது சொல்வார்கள், விஷயம் முடிந்துவிடும். நான் போவேன், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். செய்தியாளர் யார் என்பதைவிட, பந்தல் யார் போடுகிறார்கள் என்பதைவிட, பிள்ளைகளோடு போய்ப் படுத்து எழுந்து வருகிற ஆள் யார் என்பதுதான் அந்தக் கூடுகை அவர்களுக்கு என்னவாக அமையும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன சி.எஸ்.ஐ. சபை, அதாவது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. ஓய்வுநாள் பள்ளியில் பெரிய வகுப்பு என்னுடையது, அதாவது எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை. போன காலாண்டு லீவில் நாங்கள் போனது நாகர்கோவில் பக்கம் ஒரு கல்வி வளாகத்தில் நடந்த பெரிய கூடுகைக்கு. பிரெஸ்பிட்டேரியன் மரபில், அதாவது மூப்பர்கள் கூடி நிர்வகிக்கிற புராட்டஸ்டண்ட் மரபில் வந்த சபைகளும் எங்களைப் போன்ற ஐக்கிய சபைகளும் சேர்ந்து நடத்தியது. கேரளாவிலிருந்து நிறையப் பேர், மிசோரமிலிருந்துகூட ஒரு குழு. பந்தலுக்குள் நுழைந்ததும் எங்கள் பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தாலும் பின்பக்கம் நாலு பெஞ்சு காலியாகக் கிடக்கிற ஆலயத்தில் வளர்ந்தவர்கள். தங்கள் வயதில் இத்தனை பேர் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடுவதை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை.

செலவுக்குப் பணம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் இந்தக் கதையில் சேர்த்திதான். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு செவ்வாழைக் குலை வந்தது. ஒரு மாமா அதை எடுத்து "பிள்ளேளுக்கு" என்று திரும்ப ஆலயத்துக்கே கொடுத்தார், அதை இன்னொருவர் எடுத்து அவரும் திரும்பக் கொடுத்தார், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு யாரும் அந்தக் குலையை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார்கள். வண்டி வாடகையில் பெரும்பங்கு அந்த ஒரு குலையில் வந்தது. கடைசியாக எடுத்த ஆச்சி பழத்தைப் பிரித்து, புறப்படுகிற அன்று காலையில் பிள்ளைகள் கையில் ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பினார். இதையெல்லாம் மனமுவந்து செய்கிற சபைதான் எங்களுடையது. பணம் கொடுக்கத் தயங்காத இந்த மக்கள் ஆளைக் கொடுக்கத் தயங்குவது ஏன் என்பதுதான் என் வருத்தம்.

வில்லுக்குறி பக்கம் வண்டி நெரிசலில் நின்றபோது ஒரு பையன் கேட்டான். "டீச்சர், நாம பிரெஸ்பிட்டேரியனா?" பதிவு படிவத்தில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறான். நல்ல கேள்வி. பின்சீட்டில் பாட்டு நின்றது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சரி, வண்டியும் நகரப்போவதில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன்.

1806-ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி மயிலாடிக்கு வந்தார். அவரை அங்கே வரவழைத்தது நம் ஊர்க்காரரான மகாராசன் வேதமாணிக்கம். அவர்களைத் தாங்கியது இலண்டன் மிஷன். அதன் சபைகள் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் முறையில், அதாவது ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கிற முறையில் வளர்ந்தன. 1908-ல் அந்தச் சபைகளும் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பிரெஸ்பிட்டேரியன் மிஷன்களின் சபைகளும் வேறு சிலவும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனது. அப்புறம் 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடும் ஒன்றாகி சி.எஸ்.ஐ. பிறந்தது. நாடு விடுதலை அடைந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது என்றும் சொன்னேன். "அப்போ நாம பாதி பிரெஸ்பிட்டேரியன்" என்றான் அவன். சொந்தக்காரர்கள் என்று வைத்துக்கொள் மக்ளே என்றேன். பந்தலுக்குள் நுழையும்போது, முன்பின் தெரியாத யார் வீட்டுக்கோ போகிறோம் என்ற கூச்சம் அவர்களிடம் இல்லை. வரலாறு சொல்லிக்கொடுக்க வகுப்பறையைவிட நெரிசலில் நிற்கிற வண்டி நல்ல இடம் என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்தப் பையனிடம் சொல்லாத ஒன்று உண்டு. அது பெரியவர்களுக்கானது, அதனால் இங்கே எழுதுகிறேன். பிரெஸ்பிட்டேரியன் மரபில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றோர் மட்டும் வாக்குக் கொடுப்பதில்லை, கூடியிருக்கிற சபை முழுவதும் வாக்குக் கொடுக்கிறது. இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்க நாங்கள் துணை நிற்போம் என்று. எங்கள் ஆராதனை முறையிலும் ஆயர் சபையைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி கேட்கிறார், நாமும் பதில் சொல்கிறோம். பதில் சொல்லும்போது பாதிப் பேருக்குக் கண் குழந்தையின் வெள்ளை கவுன் மேலும், மனம் பிற்பகல் விருந்திலும் இருக்கும். ஆனால் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அந்தக் குழந்தைக்குப் பதினைந்து வயதாகி, பேச்சே குறைந்து, காதில் இயர்போனோடு பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற காலத்தில்தான் அந்த வாக்கை நிறைவேற்றுகிற வேளை வருகிறது. குழந்தையைக் கையில் வாங்கிக் கொஞ்சுவது சுலபம். பதினைந்து வயதுக்காரனோடு மூன்று நாள் ஒரே பந்தியில் சாப்பிடுவதற்குப் பொறுமை வேண்டும்.

அமெரிக்காவில் பிரெஸ்பிட்டேரியன் சபைகள் 1980-லிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு பெரும் கூடுகை நடத்தி வருகின்றன. பல தடவை இண்டியானா மாநிலத்தில் பர்டூ பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது, ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வருவார்கள். அதைப் பற்றி வாசித்தபோது எனக்குப் பிடித்தது கூட்டத்தின் அளவு இல்லை. காலையும் மாலையும் பெரிய ஆராதனை உண்டு, ஆனால் பகலில் முக்கியமான நேரத்தைச் சிறு குழுக்களுக்கு ஒதுக்குகிறார்கள். வேறு வேறு ஊர்ப் பிள்ளைகளை ஒரு குழுவில் போட்டு, கடைசி வரை அதே முகங்களோடு உட்கார வைக்கிறார்கள். ஊரிலிருந்து கூட வருகிற பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் காவல்காரர்களாக மட்டும் வராமல் துணையாளர்களாக வருகிறார்கள். நம் ஊரில் இந்த இரண்டும்தான் குறைகிறது. நாம் மேடைக்குச் செலவழிக்கிற அக்கறையை வட்டமாக உட்காருவதற்குச் செலவழிப்பதில்லை. பத்துப் பேர் கொண்ட குழுவை நடத்த ஒரு பிளஸ் டூ பையனிடம் தாளைக் கொடுத்துவிட்டு பெரியவர்கள் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

இந்தத் தடவை குழு நேரம் நன்றாகவே இருந்தது. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி, பள்ளியில் யாரிடமும் வாய் திறக்காதவள், ஒரு மிசோ பெண்ணோடு ஒரே குழுவில் விழுந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் ஆங்கிலம், அதுவும் ஆளுக்கொரு மாதிரி. முதல் நாள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். இரண்டாம் நாள் மதியம் பார்த்தால் மரத்தடியில் உட்கார்ந்து அந்த மிசோ பெண் நோட்டில் ஒரு பாட்டை டோ-ரே-மீ எழுத்தில் எழுதிக் காட்டுகிறாள். அவர்கள் ஊரில் பாடகர் குழுக்கள் அந்த முறையில்தான் படிக்கிறார்களாம். எங்கள் பெண்ணுக்கு அது தெரியும், எங்கள் ஆலயத்தில் ஆர்கன் வாசித்த தாத்தா ஒருவர் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார். எழுத்தைப் பார்த்ததும் இவள் மெதுவாகப் பாடினாள். அந்தப் பெண் துள்ளி எழுந்து தன் கூட்டத்தையே கூப்பிட்டுவிட்டாள். மிசோக்காரர்கள் பாடினால் சும்மா பாடமாட்டார்கள், நாலு குரல் தானாகப் பிரிந்து நிற்கும். அதற்கு நடுவில் எங்கள் ரப்பர்காட்டுப் பிள்ளையின் குரல் கேட்டது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எங்கள் சபையில் யாருக்கும் தெரியாது.

மதியச் சாப்பாட்டில் அந்தப் பெண்ணுக்கு இவள் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் எப்படிச் சேர்த்துச் சாப்பிடுவது என்று சொல்லிக்கொடுத்தாள். கறி காரம் என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை, இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டாள்.

இப்போது இரவுகளைப் பற்றி. கூடுகையின் உண்மையான நேரம் இரவு பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது என்பது என் அனுபவம். மேடையில் பேசினதெல்லாம் பிள்ளைகளின் மனதில் இறங்கி வேலை செய்கிறது அப்போதுதான். பெண் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறைக் கட்டடத்தைக் கொடுத்திருந்தார்கள். பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டுத் தரையில் பாய். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டே, அன்றைக்கு எந்த மழை என்று சொல்ல முடியாத ஒரு மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து என் பாய்ப் பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பிளஸ் டூ முடித்து நீட் இரண்டாவது தடவை எழுதுகிறவள். அம்மா விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர். அவருடைய கூலியில்தான் கோச்சிங் கட்டணம்.

"டீச்சர், ஜெபிச்சா கிடைக்கும்னு அந்த அண்ணன் சொன்னாரே. எனக்க கூடப் படிச்ச புள்ள ஜெபிக்கவே மாட்டா. அவளுக்குக் கிடைச்சுது. நான் என்ன குறைச்சேன்?"

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடத்தில் நம்மில் நிறையப் பேருக்குக் கை பரபரக்கும், ஒரு வசனத்தை எடுத்துக் கொடுத்து அவளைத் தூங்க அனுப்பிவிடலாம் என்று. கர்த்தருடைய வேளை வேறு என்று சொல்லலாம், யோபுவின் கதையைச் சொல்லலாம். அவள் அதையெல்லாம் ஏற்கெனவே கேட்டிருப்பாள், ஓய்வுநாள் பள்ளியில் நானே சொல்லியிருப்பேன். அம்மாவிடம் இதைக் கேட்டாயா என்றேன். இல்லை, அம்மாவுக்குச் சங்கடமாகிவிடும் என்றாள். அப்புறம் அவளே பேசினாள். அம்மாவின் விரல் வெடிப்புகளைப் பற்றி, மழைக்காலத்தில் வெட்டு நின்றால் வீட்டில் என்ன ஆகும் என்பதைப் பற்றி, தனக்கு டாக்டர் ஆவதில் உண்மையில் ஆசையா அல்லது அம்மாவுக்காகவா என்று தெரியவில்லை என்பதைப் பற்றி. அந்தக் கடைசி வாக்கியம்தான் அவள் சொல்ல வந்தது. அதுவரைக்கும் வர முக்கால் மணி நேரம் ஆனது. நான் நடுவில் பேசியிருந்தால் அது வந்தே இருக்காது. ஜெபித்தால் நீட் கிடைக்கும் என்று சொல்ல என்னால் முடியாது மக்ளே, அப்படி எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் நீ கேட்கிற கேள்வி தப்பில்லை, சங்கீதக்காரனே இதைக் கேட்டிருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். ஊருக்குப் போனதும் அம்மாவிடம் பேசும்போது நானும் கூட வரலாமா என்று கேட்டேன். தலையசைத்தாள்.

மேடையில் பேசின சகோதரர் நல்லவர், உருக்கமாகப் பேசினார். ஆனால் ஆயிரம் பேருக்கு முன்னால் நிற்கிறவருக்கு இந்த ஒருத்தியின் கேள்வி தெரிய வழியே இல்லை. அது அவருடைய வேலையும் இல்லை. அது கூடப் போகிற ஆளின் வேலை.

ஒப்புக்கொடுக்கிற வேளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சிலருக்குப் பிடிக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கடைசிநாள் இரவு இசை மெதுவாக ஓட, விளக்கைக் குறைத்து, கையை உயர்த்துங்கள், முன்னால் வாருங்கள் என்று அழைப்பார்கள். முழு மனதோடு போகிற பிள்ளைகள் உண்டு, அந்த இரவை வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பதினைந்து வயதில் பக்கத்தில் இருக்கிற நண்பன் எழுந்தால் தானும் எழுந்துவிடுகிற பிள்ளைகளே அதிகம். எத்தனை கை உயர்ந்தது என்று எண்ணி அறிக்கையில் எழுதுகிற பழக்கம் எனக்கு வேதனையாக இருக்கிறது. சீர்திருத்த மரபில் வந்த நம் சபைகள், தேவன் முதலில் நம்மைத் தேடி வந்தார், நாம் அவரைத் தெரிந்துகொள்ளும் முன்பே குழந்தையாக இருந்த நம்மேல் தண்ணீர் ஊற்றப்பட்டது என்று சொல்லித்தந்தவை. அந்தப் பிள்ளை ஏற்கெனவே சபையின் பிள்ளை. கை தூக்கினால்தான் உள்ளே வருகிறான் என்ற எண்ணத்தை அவன் தலையில் நாம் ஏற்றக்கூடாது.

எங்கள் பையன் ஒருவன் அன்றைக்குக் கை தூக்கவில்லை. சுற்றிலும் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இவன் மட்டும் உட்கார்ந்திருந்தான், பக்கத்து வரிசையிலிருந்து யாரோ தோளைத் தட்டி "எழும்பு எழும்பு" என்கிறார்கள். அவன் எழுந்தான், முன்னால் போகாமல் வெளியே போய்விட்டான். எங்களோடு வந்திருந்த அண்ணன் ஒருவர், பகலில் ஆட்டோ ஓட்டுகிறவர், சபையில் பெரிதாக ஒரு பொறுப்பிலும் இல்லாதவர், அவன் பின்னாலேயே போனார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இரண்டு பேரும் நின்றார்கள். ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லையாம். பசிக்குதா என்று கேட்டிருக்கிறார். வாசல் கடையில் கட்டன் சாயாவும் ஏத்தங்காய் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் பையனே சொன்னானாம், பொய்யாகக் கை தூக்கினால் கடவுளுக்குத் தெரியாதா அண்ணா என்று. அந்த இரவு அந்தப் பந்தலில் சொல்லப்பட்ட விசுவாச அறிக்கைகளில் இதைவிட நேர்மையான ஒன்று இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த அண்ணன் போகாமல் இருந்திருந்தால் அது பின்வாங்கிப்போன ஒரு பையன் என்று கணக்கில் சேர்ந்திருக்கும்.

லூக்கா எழுதின சுவிசேஷத்தில் பன்னிரண்டு வயது இயேசு எருசலேமுக்குப் போன கதையை எல்லாருக்கும் தெரியும். ஆண்டுதோறும் நடக்கிற பெரிய பண்டிகை, கூட்டம் கூட்டமாகப் பயணம். திரும்பும்போது, பிள்ளை உறவினர்களோடு எங்காவது வருவான் என்று நினைத்துப் பெற்றோர் ஒரு நாள் தூரம் நடந்துவிடுகிறார்கள். அப்புறம்தான் தேடுகிறார்கள். ஒவ்வொரு கூடுகையிலும் நான் இதை நினைத்துக்கொள்வேன். கூட்டத்தில் எங்காவது இருப்பான் என்ற நினைப்புதான் ஆபத்து. இன்னொன்று, தேடிக் கண்டுபிடித்தபோது அவர் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார். அந்தப் போதகர்கள் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைப் பக்கத்தில் உட்காரவிட்டு, அவன் கேள்விக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் பிரசங்கங்களில் யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, காரியமாகச் சில விஷயங்கள், இனி போகப்போகிறவர்களுக்கு. பெண் பிள்ளைகளோடு குறைந்தது இரண்டு பெண்கள் போக வேண்டும், ஆண் பிள்ளைகளோடு இரண்டு ஆண்கள். ஒருவர் மட்டும் போவது அந்த ஆளுக்கும் நல்லதல்ல, பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கக்கூடாது, பேச வேண்டுமென்றால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் பேசலாம். இது ஆயருக்கும் பொருந்தும், செய்தியாளருக்கும் பொருந்தும், எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் பொருந்தும். ஒரு பிள்ளை மனம்விட்டுப் பேச வரும்போது "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கிற சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாத எல்லாரும் குழந்தைதான். பாலியல் துன்புறுத்தல் நடந்தது என்று தெரிந்தால் காவல்துறையிடம் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம், சபையின் மானம் என்று மூடி மறைக்க யாருக்கும் உரிமை கிடையாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் புறப்படும் முன்பே பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். பெற்றோர் சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

மருந்து விஷயத்தையும் வெட்கப்படாமல் கேட்டுவிட வேண்டும். யாருக்கு இழுப்பு, யாருக்கு வலிப்பு, யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்கிறேன். நாப்கின் ஒரு பை நிறைய எடுத்துப்போய், எங்கே இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிள்ளைகள் தவித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. கைபேசியைப் பிடுங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ராத்திரி வீட்டுக்குப் பேசினால்தான் தூக்கம் வருகிற பிள்ளைகள் உண்டு, அப்பா வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு அவர் அழைக்கிற நேரம் ஒன்று உண்டு. ஆராதனை நேரத்தில் பையில் இருக்கட்டும் என்றால் கேட்கிறார்கள், நாம் முதலில் நம்முடையதைப் பையில் போட்டால்.

திரும்பி வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான சபைகள் தவறவிடுகின்றன. அடுத்த ஞாயிறு இரண்டு பிள்ளைகளை முன்னால் நிறுத்தி சாட்சி சொல்லச் சொல்வோம், கைதட்டுவோம், அதோடு சரி. பிள்ளைகள் மூன்று நாள் தங்களைப் பெரியவர்களாக நடத்தின இடத்திலிருந்து வருகிறார்கள், வந்து இறங்கினதும் மறுபடியும் நாற்காலி அடுக்குகிற வேலைதான் அவர்களுக்கு. அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபையில் பொதுப்பேரவை கூடும்போது இளைஞர் பிரதிநிதிகளுக்கு ஆலோசனை வாக்கு உண்டு. முழு வாக்குரிமை உள்ளவர்கள் வாக்களிக்கும் முன் இளைஞர்களின் கருத்து என்ன என்று அவையில் கேட்கப்படுகிறது. அவர்களுடைய உள்ளூர் சபைகளில் பதின்ம வயதினர் மூப்பர்களாக அபிஷேகம் பண்ணப்படுவதும் உண்டு. நம் சபைச் சட்டங்கள் வேறு, எனக்குத் தெரியும். ஆனால் வாலிபர் காரியங்களைப் பேசுகிற கூட்டத்தில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

சாட்சி சொன்ன அன்றைக்கு எங்கள் ரப்பர்காட்டுப் பெண்தான் அதைக் கேட்டாள், பாட்டு பாடிக் காட்டின அதே பிள்ளை. ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை எங்களோட வாரவங்களை நாங்க தேர்ந்தெடுக்கலாமா?" என்றாள். ஆலயத்தில் கொஞ்சம் சிரிப்பு. ஆயர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். சபைக் கமிட்டியில் அது பேச்சுக்கு வந்து, ஒரு மூப்பர் இதெல்லாம் பழக்கமில்லாத காரியம் என்றார், இன்னொருவர் பிள்ளைகள் ஜாலியான ஆளைத்தான் கேட்பார்கள் என்றார். அதற்குள் பிள்ளைகள் ஒரு தாளில் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முதல் பெயர் அந்த ஆட்டோக்கார அண்ணனுடையது. இரண்டாவது, செவ்வாழைப் பழம் கொடுத்தனுப்பின ஆச்சி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கமிட்டி இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆச்சியிடம் நானே போய்க் கேட்டேன். தரையில் பாய் விரித்துப் படுக்க முட்டி ஒத்துழைக்காது, ஒரு கட்டில் மட்டும் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல் என்றிருக்கிறார்.